பழைய கென்னர் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு முழுமையான வழிகாட்டி

1977 மே 25 அன்று ஸ்டார் வார்ஸ் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது, அந்தப் படத்தின் பாத்திரங்களில் ஒருவருக்குக்கூடக் கடையில் பொம்மை கிடையாது. மெகோ என்ற பொம்மை நிறுவனம் அவற்றைச் செய்யும் உரிமையை வேண்டாமென்று விட்டுவிட, ஒஹையோ மாநிலம் சின்சினாட்டியில் இருந்த கென்னர் என்ற பொம்மை நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. படம் இப்படி ஓடும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. அச்சு செய்து, ஹாங்காங்கில் வார்த்து, கிறிஸ்துமஸுக்குள் கடைக்குக் கொண்டுவர நேரமில்லை. அதனால் அந்த ஆண்டு கென்னர் விற்றது ஓர் அட்டை உறை. அதற்குள் பொம்மை இல்லை, தபாலில் அனுப்பவேண்டிய சான்றிதழ்தான் இருந்தது. அதை அனுப்பி வைத்தவர்களுக்கு 1978இல் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 என நான்கு பொம்மைகள் வீடு தேடி வந்தன.

அன்று தொடங்கி 1985 வரை கென்னர் வெளியிட்ட ஏறக்குறைய நூறு பொம்மைகளும், அவை ஏறி உட்கார்ந்த விண்கலங்களும் வண்டிகளும்தான் இன்று உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் தேடும் ‘விண்டேஜ்’ வரிசை. நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் உள்ள தேசிய பொம்மைப் புகழ்மண்டபத்தில் 2012இல் இவற்றுக்கு இடம் கொடுத்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் குழந்தைகள் மண்ணில் போட்டு விளையாடிய பொருள்கள் என்பதால், முழுதாகத் தப்பியவை குறைவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேகரிப்பில் விலையைத் தீர்மானிப்பது பெரிய பொருள் அல்ல, அதோடு வந்த சின்னப் பொருள். விரல்நகம் அகலத் துப்பாக்கி, மேலங்கி, வாளின் முனை, ஒரு பேட்டரி மூடி. பணப்பையைத் திறப்பதற்கு முன்னால் கண்ணைப் பழக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: எது பழையது, எது பழையது போல இருப்பது

கென்னர் பொம்மைகள் மூன்றே முக்கால் அங்குல அளவில் செய்யப்பட்டவை, அதாவது ஒன்பதரை சென்டிமீட்டர். கைக்குள் அடங்கும் இந்த அளவை எடுத்துக்கொண்டதால்தான் அவற்றுக்கேற்ற விண்கலங்களையும் கட்டுப்படியாகும் விலையில் செய்ய முடிந்தது. பெரும்பாலானவற்றுக்கு ஐந்து அசைவுகள்தான்: கழுத்து, இரண்டு தோள், இரண்டு இடுப்பு. முழங்கையும் முழங்காலும் மடங்கினால் அது பிற்காலப் பொம்மை.

1991இல் கென்னர் ஹாஸ்ப்ரோ என்ற இன்னொரு பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனது. 1995இல் புதிய வரிசை வந்தது. எல்லாரும் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தவர்கள் போல மார்பு விரிந்து நிற்பார்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். குழப்புவது வேறு. ஹாஸ்ப்ரோ 2010இல் ‘விண்டேஜ் கலெக்‌ஷன்’ என்ற பெயரில் பழைய அட்டை (பொம்மையைப் பிளாஸ்டிக் குமிழுக்குள் வைத்து ஒட்டி விற்கும் அட்டை) வடிவத்திலேயே புதிய பொம்மைகளை விற்றது. 2019 முதல் வந்த ‘ரெட்ரோ கலெக்‌ஷன்’ இன்னும் நெருக்கம்: அதே ஐந்து அசைவு, அதே அட்டை. இணையத்தில் ‘விண்டேஜ் ஸ்டார் வார்ஸ்’ என்று தேடினால் இவையும் சேர்ந்துதான் வரும். விற்பவர் ஏமாற்ற நினைக்காமலே தவறான தலைப்புப் போட்டிருக்கலாம். அட்டையில் ஹாஸ்ப்ரோ என்று இருந்தால் அது புதியது, பேச்சே வேண்டாம்.

படி 2: எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்று இறங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் களைத்துப்போகிறார்கள். என் பரிந்துரை முதல் பன்னிரண்டு: லூக், லேயா, ஹான் சோலோ, பென் கெனோபி, சூபாக்கா, ஆர்2-டி2, சி-3பிஓ, டார்த் வேடர், ஸ்டார்ம்ட்ரூப்பர், டெத் ஸ்குவாட் கமாண்டர், மணல் மனிதன், ஜாவா. அட்டையின் பின்புறம் இந்தப் பன்னிரண்டு படங்கள் மட்டும் இருப்பதால் இவற்றைச் சேகரிப்பாளர்கள் ‘12-பேக்’ (12-back, ‘பேக்’ என்றால் பின்புறம்) என்கிறார்கள். அடுத்து எட்டு சேர்ந்து இருபதானது, போபா ஃபெட் வந்து இருபத்தொன்றானது, கடைசியில் 92 வரை போனது.

அட்டை இல்லாமல், ஆயுதங்களுடன் இருக்கும் பொம்மையை ‘லூஸ் கம்ப்ளீட்’ என்பார்கள். இந்தப் பன்னிரண்டையும் லூஸ் கம்ப்ளீட்டாகச் சேர்ப்பது நடக்கக்கூடிய இலக்கு. அதற்குள் நீங்கள் கற்றுக்கொள்வதும் ஏராளம், ஏனென்றால் இந்த வரிசையின் எல்லாச் சிக்கல்களும் இந்தப் பன்னிரண்டிலேயே இருக்கின்றன.

வண்டிகளில் மனம் இருந்தால் மினி-ரிக் எனப்படும் குட்டி வண்டிகளில் தொடங்கலாம். எம்டிவி-7, எம்எல்சி-3, பிடிடி-8 ஆகியவை 1981இல் வந்தன. இவை திரையில் தோன்றியவை அல்ல, கென்னரே யோசித்துச் செய்தவை. அதனாலேயே பலர் அலட்சியம் செய்கிறார்கள், விலையும் அடக்கமாக இருக்கிறது. எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு. திரையில் பார்த்ததைப் பிரதி எடுக்காமல், ‘கேமராவுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்திருக்கும்’ என்று பொம்மை செய்கிறவர்கள் கற்பனை செய்த சுதந்திரம் இவற்றில் தெரிகிறது.

கடைசி 17 என்று ஒரு கூட்டம் உண்டு. படங்கள் முடிந்து, குழந்தைகளின் ஆர்வம் குறைந்து, விற்பனை சரிந்த 1985 வாக்கில் வந்தவை. அதனால் குறைவாகவே விற்றன. அமானமான், ஈவி-9டி9, யாக் ஃபேஸ் எல்லாம் இதில் அடக்கம். யாக் ஃபேஸ் அமெரிக்கக் கடைகளுக்கே வரவில்லை; கனடாவிலும் ஐரோப்பாவிலும்தான் விற்றது. இவற்றைத் தொடக்கத்தில் தொடாதீர்கள்.

படி 3: காலைத் திருப்பிப் பாருங்கள்

பெரும்பாலான பொம்மைகளின் காலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். முதல் படத்தின் பொம்மைகளில் ‘ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. 1977’ என்று காணலாம். ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப் என்பதன் சுருக்கம் அது. காலை உணவு தானியம் விற்கும் அதே ஜெனரல் மில்ஸ்தான் அப்போது கென்னரின் தாய் நிறுவனம். பிந்தையவற்றில் லூகாஸ்ஃபிலிமைக் குறிக்கும் ‘எல்.எஃப்.எல்.’ இருக்கும். கூடவே ஹாங்காங், தைவான், சீனா, மக்காவ் என ஏதாவது ஓர் ஊர். ஊரே இல்லாமலும் வரும்.

இங்கே புதியவர்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முத்திரையில் உள்ள ஆண்டு பதிப்புரிமை பதிவான ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. 1977 என்று போட்ட லூக்கை 1983இலும் வார்த்திருக்கிறார்கள். ‘1977 அசல் முதல் பதிப்பு’ என்று யாராவது முத்திரையை மட்டும் காட்டி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

ஒரே பாத்திரத்துக்குள் வேறுபாடுகள் உண்டு. ஹான் சோலோவுக்குச் சிறிய தலை, பெரிய தலை என இரண்டு. ஸ்னாகில்டூத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1978இல் அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளில் விற்ற, படத்தின் மதுக்கடைக் காட்சியைக் காட்டும் கேன்டீனா செட்டுக்காக அந்தப் பாத்திரத்தைச் செய்தபோது, கென்னரிடம் இருந்த புகைப்படத்தில் கால்கள் இல்லை. உயரமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, நீல உடையும் பூட்ஸும் போட்டு நிற்க வைத்துவிட்டார்கள். பிறகு உண்மை தெரிந்து, குள்ளமாக, சிவப்பு உடையில், வெறுங்காலோடு மாற்றினார்கள். அந்த நீல ஸ்னாகில்டூத் தனி அட்டையில் விற்கப்பட்டதே இல்லை. அதனால்தான் இன்றும் தேடுகிறார்கள்.

படி 4: துப்பாக்கி, வாள், அங்கி

நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். பொம்மையைப் போலியாகச் செய்ய நல்ல அச்சும் சாயமும் வேண்டும், கஷ்டம். துப்பாக்கியைப் போலியாகச் செய்வது மிக எளிது. ‘ரெப்ரோ’ என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் இந்த மறுபதிப்புகள் பல ஆண்டுகளாகச் சந்தையில் கலந்து கிடக்கின்றன. பழைய பெட்டியை அப்படியே விற்கும் குடும்பத்தாருக்குக்கூட, இடையில் யாரோ போட்ட ரெப்ரோ அதற்குள் கிடப்பது தெரியாது.

தண்ணீரில் போட்டுப் பார் என்பார்கள்: அசல் மிதக்கும், ரெப்ரோ மூழ்கும். மூழ்கும் அசல்களும் மிதக்கும் ரெப்ரோக்களும் உண்டு. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நம்பகமான வழி ஒப்பிடுதல் ஒன்றுதான். அறிந்த சேகரிப்பாளரிடம் அசல் என்று உறுதியான ஒரு துப்பாக்கியை வாங்கி, அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் விளிம்புகளைப் பாருங்கள். அசலில் கோடுகள் கூர்மையாக இருக்கும். ரெப்ரோவில் மழுங்கி, மேற்பரப்பு பளபளத்து, பிளாஸ்டிக் குழைவாக இருப்பது வழக்கம். பலமான வெளிச்சத்தின் முன் பிடித்தால், கறுப்பாகத் தெரிந்த சில அசல் துப்பாக்கிகள் கருநீலச் சாயல் காட்டும்.

லூக், பென், வேடர் மூவருக்கும் வாள் கையோடு சேர்ந்தது. முழங்கைப் பக்கத்திலிருக்கும் சிறு நீட்டலைத் தள்ளினால் உள்ளங்கை வழியாக வெளியே வரும். வேடருக்குச் சிவப்பு, பென்னுக்கு நீலம். லூக்குக்கு மஞ்சள், திரையில் நீலமாக இருந்தாலும் பொம்மையில் மஞ்சள்தான், ஆகவே மஞ்சளைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். வாளின் நுனி ஊசி போல மெலிந்திருக்கும். முதலில் உடைவது அதுதான். புகைப்படத்தில் வாள் உள்ளே தள்ளியிருந்தால், வெளியே இழுத்து இன்னொரு படம் கேளுங்கள்.

மிக ஆரம்பத்தில் செய்த சிலவற்றில் வாளுக்குள் இன்னொரு மெல்லிய இழை இருந்து, இரண்டாம் கட்டமாக நீளும். ‘டபுள் டெலஸ்கோப்பிங்’ என்ற இந்த வகை மிக அரிது. அடிக்கடி முறிந்ததால் கென்னர் எளிமையாக்கிவிட்டது. யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் சந்தேகப்படுங்கள்.

வேடர், பென், லேயா, மணல் மனிதன் ஆகியோருக்கு வினைல் அங்கி. ஜாவாவுக்கும் முதலில் வினைல் அங்கிதான். சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றினார்கள். அதனால் வினைல் அங்கி ஜாவா இந்த வரிசையின் புகழ்பெற்ற அரிய பொருளாகிவிட்டது. துணி ஜாவாவுக்கும் வினைல் ஜாவாவுக்கும் உள்ளே இருக்கும் உடல் ஒரே மாதிரி. இதைப் பயன்படுத்தி, பெரிய பொம்மையின் அங்கியை வெட்டிச் சாதாரண ஜாவாவுக்குப் போட்டு விற்கிறார்கள். தொடங்குபவருக்கு என் அறிவுரை கண்டிப்பானது: வினைல் அங்கி ஜாவாவை லூஸாக வாங்கவே வேண்டாம். துணி அங்கி ஜாவா உங்கள் பன்னிரண்டை நிறைவாக முடித்துவைக்கும்.

ராக்கெட் பாயும் போபா ஃபெட் பற்றியும் கேள்விப்படுவீர்கள். 1979இல் கென்னர் பொம்மை அட்டைகளிலிருந்து வாங்கியதற்கான அத்தாட்சிகள் நான்கை வெட்டி அனுப்பினால் முதுகிலிருந்து ஏவுகணை பாயும் போபா ஃபெட் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தது. அந்தச் சமயத்தில் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து வந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்தது. கென்னர் ஏவுகணையை ஒட்டி அசையாமல் செய்து அனுப்பியது. ராக்கெட் பாயும் வடிவம் முன்மாதிரிகளாக மட்டும் நின்றது. அவற்றில் ஒன்று 2024இல் அமெரிக்க ஏலத்தில் 525,000 டாலருக்குப் போனது. ஆகவே ‘சின்ன வயதில் எனக்குத் தபாலில் வந்தது’ என்று யாராவது ராக்கெட் பாயும் போபா ஃபெட்டை விற்க வந்தால், அது நடந்திருக்க வழியே இல்லை.

படி 5: விண்கலங்களும் வண்டிகளும்

வண்டிகளை வாங்கும்போது காணாமல் போனவற்றின் பட்டியலோடு போங்கள். 1978இல் வந்த எக்ஸ்-விங் என்ற விண்கலத்தில் இறக்கை முனைத் துப்பாக்கிகள் வளைந்திருக்கும் அல்லது இருக்காது. பின்னால் உள்ள ஆர்2 தலையை அழுத்தினால் இறக்கைகள் விரிய வேண்டும். அழுத்திக் காட்டும் காணொளி கேளுங்கள். டை ஃபைட்டர் என்ற விண்கலத்தின் இறக்கைகள் பொத்தானை அழுத்தினால் தெறித்து விழும்படி செய்யப்பட்டவை. அதனாலேயே ஏராளமான டை ஃபைட்டர்கள் ஓர் இறக்கையோடு நிற்கின்றன.

1979இல் வந்த, ஹான் சோலோவின் விண்கலமான மில்லேனியம் ஃபால்கன்தான் எல்லாரும் ஏங்கும் பெரிய பொருள். சரிபார்க்க வேண்டியவை: மேலே சுழலும் ரேடார் தட்டு, விமானி அறையின் கண்ணாடி மூடி, தரையிறங்கும் கால்கள், சதுரங்க மேசை, நூலில் தொங்கும் பயிற்சி உருண்டை, பேட்டரி மூடி. உருண்டை இல்லாத ஃபால்கன்கள்தான் அதிகம். 1981இல் வந்த நான்கு கால் நடைவண்டியான ஏடி-ஏடியில் தாடைக்குக் கீழே இருக்கும் இரண்டு குட்டித் துப்பாக்கிகளைப் பாருங்கள். அவை இல்லாவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை.

படத்தில் தரைக்கு மேல் மிதந்து போகும் வண்டியான லேண்ட்ஸ்பீடரைப் பற்றி ஒரு வார்த்தை. அடியில் சுருள்வில்லில் பொருத்திய சக்கரங்கள் ஒளிந்திருக்கும். தரையில் தள்ளினால் மிதந்து போவது போல ஆடி ஆடிப் போகும். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. 1978இன் பொம்மைப் பொறியியலில் இதைவிட அழகான தீர்வு எனக்குத் தெரியாது. இன்றும் விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது, முதல் வண்டியாக இதை வாங்கலாம்.

பேட்டரி அறையைத் திறந்து காட்டச் சொல்ல மறக்க வேண்டாம். வெண்மை அல்லது பச்சைப் பூஞ்சை போலத் தெரிந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் கசிவு என்றால் வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், பழைய துத்தநாக-கார்பன் பேட்டரி என்றால் சமையல் சோடாக் கரைசல். தகடு முழுவதும் அரித்துப் போயிருந்தால் ஒலி, ஒளி வேலை செய்யாது என்று எண்ணியே விலை பேசுங்கள்.

படி 6: அட்டையோடு வாங்குவது

திறக்காத அட்டைகள் வேறு உலகம், விலையும் வேறு. ஏ.எஃப்.ஏ. போன்ற நிறுவனங்கள் நிலையை ஆராய்ந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்து, அக்ரிலிக் பெட்டியில் மூடித் தருகின்றன. தரமிடப்படாத அட்டையில் பிளாஸ்டிக் குமிழ் ஒட்டிய விளிம்பை உற்றுப் பாருங்கள். பசையின் தடம், கிழிந்த காகித இழை, குமிழுக்கும் அட்டைக்கும் மஞ்சள் நிறம் பொருந்தாமை இருந்தால், திறந்து மறுபடி ஒட்டியது. முதல் ஆண்டில் இந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

நாட்டுக்கு நாடு அட்டை மாறும். பிரிட்டனில் பாலிடாய், பிரான்சில் மெக்கானோ, ஜப்பானில் தகாரா, மெக்சிகோவில் லிலி லெடி. கனடா அட்டைகளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்திருக்கும். டொரன்டோ, லண்டன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு: உள்ளூரில் விற்றவை உள்ளூர்ப் பரண்களில்தான் கிடக்கும்.

படி 7: எங்கே, என்ன விலைக்கு

கேட்கும் விலை விலையல்ல. இபே போன்ற தளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டி, அதே பொம்மை அதே நிலையில் கடந்த சில மாதங்களில் எதற்குப் போனது என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை கார் பூட் சந்தைகள், அமெரிக்காவில் வீட்டுமுன் விற்பனைகள், பொம்மைக் கண்காட்சிகள் ஆகியவற்றில் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. ‘லாட்’ என்று மொத்தமாக விற்கும் பெட்டிகளில் ஒரு பொம்மைக்கான விலை குறையும், கூடவே துப்பாக்கிகளும் வரலாம்.

இந்தியாவுக்குத் தருவிப்பவர்கள் கணக்குப் போட்டே இறங்க வேண்டும். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020இல் 60 சதவீதமாகவும் 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் தரச் சான்று ஆணையும் நடைமுறைக்கு வந்தது. பார்சல் போடும் முன் கூரியரிடமும் சுங்கத்திலும் இப்போதைய நிலையைக் கேளுங்கள். வெளிநாட்டு உறவினர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, அவர்கள் ஊருக்கு வரும்போது எடுத்துவரச் சொல்வதையும் யோசிக்கலாம்.

இந்தியாவிலிருந்தே தொடங்க ஆசையா? எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கிய ஃபன்ஸ்கூல், அதே மூன்றே முக்கால் அங்குல அளவில் ஜி.ஐ. ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மைகளைச் செய்தது. அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கைகள் இருப்பதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். நம் வீட்டுப் பரணில் அது இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

படி 8: சுத்தம் செய்தல்

வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு, மென்மையான பல்துலக்கி. இவ்வளவு போதும். ஆர்2-டி2 உடலைச் சுற்றியிருப்பது ஒட்டுத்தாள், அதில் நீர் படக்கூடாது. சி-3பிஓவின் தங்கப் பூச்சைத் தேய்த்தால் உரிந்துவிடும். அசிட்டோன், தின்னர், ஸ்பிரிட் எதுவும் சாயத்தின் அருகே வரக்கூடாது. வளைந்த துப்பாக்கியைச் சுடுநீரில் சில நொடி வைத்து, நிமிர்த்தி, குளிர்நீரில் போட்டால் நேராகும்.

வெள்ளைப் பொம்மைகள், குறிப்பாக ஸ்டார்ம்ட்ரூப்பர், மஞ்சளாகிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்த்து வெளுக்கச் செய்யும் முறை இணையமெங்கும் இருக்கிறது. நான் அதை விரும்புவதில்லை. மஞ்சள் மெல்லத் திரும்பி வரும், பிளாஸ்டிக்கும் வலுவிழக்கலாம், வெளுத்ததைச் சொல்லாமல் விற்றால் அது வாங்குபவரை ஏமாற்றுவது. கொஞ்சம் மஞ்சளான அசலை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம்.

படி 9: வைத்திருப்பது

வெயிலும் வெப்பமும்தான் எதிரிகள். ஜன்னலுக்கு எதிரே அலமாரி வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு, மாதா மாதம் பார்த்து மாற்றுங்கள். வினைல் அங்கியைக் கெட்டிப் பிளாஸ்டிக் வண்டியின் மேல் படும்படி நெடுநாள் வைத்தால், வினைலிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் வண்டியின் மேற்பரப்பை உருக்கித் தடம் பதிக்கும். அதே காரணத்தால் பி.வி.சி. உறைகள் கூடாது, பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் பைகளே சரி. ரப்பர் பேண்டால் எதையும் கட்ட வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். பேட்டரிகளை வெளியே எடுத்துவிட்டே வண்டிகளை வையுங்கள்.

ஒரு பதிவேடு திறவுங்கள். பொம்மையின் பெயர், முத்திரையில் உள்ள ஊர், வாங்கிய நாள், விலை, விற்றவர், எந்தத் துப்பாக்கியோடு வந்தது, முன்னும் பின்னும் இரண்டு புகைப்படம். காட்சிக்காக ரெப்ரோ துப்பாக்கி வைத்திருந்தால் அதைத் தனிப் பையில் போட்டு, ‘ரெப்ரோ’ என்று அழியாத மையில் எழுதிவையுங்கள். நாளை உங்கள் பிள்ளைகளோ வேறு யாரோ அந்தப் பெட்டியைத் திறந்து விற்கும்போது, அசலோடு அது கலந்துவிடக் கூடாது.